பெயர் அழியாமல் காப்போம்: கணினியில் தமிழ் எழுத்தும் அதன் எண்ணும்



ஜொகூர் மாநிலத்துத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த நமக்கு, ஆளுக்கு ஓர் எண் கொடுத்துக் கணக்கு வைக்கும் வழக்கம் புதிதன்று. விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்றவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். கிராணியாரின் செக்ரோல் புத்தகத்தில் ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே ஓர் எண் இருக்கும். பால் நிறுக்கும் கொட்டகையில் வாளியை இறக்கி வைத்தால், துண்டுச் சீட்டில் அந்த எண்ணையும் எடையையும் மட்டுமே குறிப்பார்கள். பெயர் எழுத அங்கே நேரம் ஏது? மாதக் கடைசியில் அந்தச் சீட்டுகளைச் செக்ரோல் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்துத்தான் சம்பளம் போடுவார்கள்.

இப்போது ஒன்றை எண்ணிப் பாருங்கள். நம் தோட்டத்தில் 27 என்பது ஓர் அம்மாவின் எண். பக்கத்துத் தோட்டத்தில் அதே 27 ஓர் இளைஞனுடைய எண். நம் தோட்டத்துச் சீட்டு தவறிப்போய்ப் பக்கத்துத் தோட்டத்து மேசைக்குப் போய்விட்டால் என்ன ஆகும்? அம்மா வெட்டிய பால் அந்த இளைஞன் கணக்கில் ஏறிவிடும். சீட்டிலும் பிழை இல்லை, புத்தகத்திலும் பிழை இல்லை. சீட்டுக்கு உரிய புத்தகத்தைத் திறக்காததுதான் பிழை.

இன்றைய பேச்சின் பொருளும் இதுவேதான். கணினியில் ஒரு கோப்பை எழுதும்போதும் படிக்கும்போதும், எழுத்துக்கு உரிய புத்தகம் எது என்று சொல்ல மறந்தால் தமிழ் என்ன பாடுபடும், அதை எப்படித் தவிர்க்கலாம் என்பதை நாம் பார்ப்போம். பிள்ளைகள் படிக்கிற கணினிப் பாடம் நமக்கு எதற்கு என்று பெரியவர்கள் எழுந்து போய்விட வேண்டாம். இதில் நம் பெயர்கள் சம்பந்தப்பட்டிருக்கின்றன.

கணினிக்கு எழுத்துத் தெரியாது. அதற்குத் தெரிந்தது எண் ஒன்றே. கோப்பு என்பது 0 முதல் 255 வரையுள்ள எண்களின் நீண்ட வரிசை. அந்த ஒவ்வோர் எண்ணையும் ஒரு பைட் என்கிறோம். எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்று ஒரு பதிவேடு சொல்லும். அந்தப் பதிவேட்டுக்குக் குறியேற்றம் என்று பெயர். ஆங்கிலத்தில் என்கோடிங் என்பார்கள். ஆனால் சாதாரண எழுத்துக் கோப்பைத் திறந்து பார்த்தால், ‘நான் இன்ன குறியேற்றத்தில் எழுதப்பட்டேன்’ என்று அது பெரும்பாலும் சொல்வதில்லை. துண்டுச் சீட்டில் தோட்டத்தின் பெயர் இல்லாதது போலத்தான் இதுவும்.

அமெரிக்காவில் 1963ஆம் ஆண்டில் ஆஸ்கி என்னும் குறியேற்றம் வெளியானது. அதில் 128 இடங்களே உண்டு. ஆங்கிலப் பெரிய எழுத்து ‘ஏ’ 65ஆம் எண். சிறிய எழுத்து ‘ஏ’ 97ஆம் எண். ஆங்கிலத்துக்கு அது போதும். 247 எழுத்துகளை உடைய தமிழுக்கு அதில் ஓர் இடமும் இல்லை. ஆகவே தமிழில் தட்டச்சுச் செய்ய விரும்பியவர்கள், 128க்கு மேல் 255 வரை இருந்த இடங்களில் தமிழ் வடிவங்களை நிரப்பினார்கள். சிலர் ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழை வைத்தார்கள். ஒவ்வோர் எழுத்துருவும் ஒவ்வொரு வரிசை. ஒருவர் அனுப்பிய கடிதத்தை, அவர் வைத்திருக்கும் அதே எழுத்துரு இல்லாமல் இன்னொருவர் படிக்க முடியாது.

இந்தச் சிக்கலைத் தீர்க்க உழைத்தவர்களில் நம் நாட்டவர்க்கும் நம் அண்டை நாட்டவர்க்கும் பெரும் பங்கு உண்டு. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளைத் தொடங்கினார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1997இல் தமிழ் இணைய மாநாட்டைக் கூட்டினார். பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சல் வழியே கலந்து பேசித் திஸ்கி என்னும் பொதுக் குறியேற்றத்தை வகுத்தார்கள். 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டையொட்டி ‘டாம்’, ‘டாப்’ என்னும் குறியேற்றங்களும் தமிழ் 99 விசைப்பலகையும் வந்தன. 2001இல் கோலாலம்பூரிலும் தமிழ் இணைய மாநாடு நடந்தது.

இதற்கிடையில் உலக மொழிகள் யாவற்றுக்கும் ஒரே பதிவேடு என்னும் முயற்சி நடந்துகொண்டிருந்தது. அதுதான் யூனிகோட். தமிழில் ஒருங்குறி என்கிறோம். அதன் முதல் பதிப்பு 1991 அக்டோபரில் வெளியானது; தமிழ் அதிலேயே இடம் பெற்றது. இன்று அதில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட குறிகள் உள்ளன. ஜொகூரில் பெயர்ப் பலகைகளில் நாம் காணும் ஜாவி எழுத்தும், கடைத்தெருவின் சீன எழுத்தும், நம் தமிழும் ஒரே பதிவேட்டில், ஒன்றோடொன்று மோதாமல் இருக்கின்றன. தமிழ் எழுத்துகளுக்கு ஒதுக்கப்பட்டவை 2944 முதல் 3071 வரையுள்ள 128 இடங்கள். 2010இல் தமிழ்நாட்டு அரசும் ஒருங்குறியை ஏற்றுக்கொண்டு ஆணை பிறப்பித்தது.

பதிவேடு கிடைத்துவிட்டது. ஆயினும் ஒரு கேள்வி எழுகிறது. ‘அ’ என்னும் எழுத்து ஒருங்குறியில் 2949ஆம் எண். ஒரு பைட்டில் 255க்கு மேல் எழுத முடியாதே, 2949ஐ எப்படி எழுதுவது? இதற்கு 1992 செப்டம்பரில் கென் தாம்சன், ராப் பைக் என்னும் இருவர், நியூ ஜெர்சியில் ஓர் உணவு விடுதி மேசையில் அமர்ந்து ஒரு வழி கண்டார்கள். அதற்கு யூடிஎஃப்-8 என்று பெயர். அந்த முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், ஜாவி எழுத்துக்கு இரண்டு பைட், தமிழ்க் குறிக்கு மூன்று பைட். ‘அ’ என்பது 224, 174, 133 என்று மூன்று எண்களாக எழுதப்படும். பழைய ஆங்கிலக் கோப்புகளும் ஒரு மாற்றமும் இன்றி இதில் செல்லும். ஆகையால்தான் இன்று கைத்தொலைபேசியிலும் இணையத்திலும் இதுவே வழக்காகிவிட்டது.

இனி எங்கள் பள்ளியில் நடந்ததைச் சொல்கிறோம். எங்கள் தவற்றைச் சொல்ல வெட்கந்தான். எனினும் பிறர்க்கு அது பாடமாகட்டும்.

எங்கள் தோட்டத்து லயங்களில் வாழ்ந்த குடும்பங்களின் பெயர்ப் பட்டியல் ஒன்றை, எங்களுக்கு முன்பிருந்த ஆசிரியர் ஒருவர் 1999இல் கணினியில் தட்டச்சுச் செய்து வைத்திருந்தார். பின்னர் ரப்பர் மரங்கள் விழுந்தன, செம்பனை வந்தது, குடும்பங்கள் பாசிர் கூடாங்குக்கும் ஸ்கூடாய்க்கும் சிங்கப்பூருக்கும் பிரிந்து போயின. சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் அந்தப் பட்டியலைப் பார்த்துப் புதிதாகத் தட்டச்சுச் செய்தோம். வீடு வீடாய்ச் சென்று, விடுபட்ட பெயர்களையும் பாட்டிமார் வாயிலாகக் கேட்டுச் சேர்த்தோம். ஆங்கில எழுத்தில் யாரோ காதில் விழுந்தபடி எழுதிய பெயரை அடையாள அட்டையில் சுமந்து திரிந்தவர்கள் பலர். அவர்கள் பெயர் அந்தப் பட்டியலில்தான் முதன்முதலாகத் தமிழில் சரியாக எழுதப்பட்டது.

அந்தப் பட்டியலை அகர வரிசைப்படுத்த, எங்கள் பள்ளியில் படித்து இடைநிலைப் பள்ளிக்குச் சென்ற மாணவன் ஒருவன் பைத்தான் என்னும் கணினி மொழியில் ஒரு சிறு நிரல் எழுதிக் கொடுத்தான். கோப்பைப் படிக்கும் வரியில் யூடிஎஃப்-8 என்று குறித்திருந்தான். எழுதும் வரியில் ஒன்றும் குறிக்கவில்லை. பள்ளிக் கணினியோ தனக்கு வழக்கமான மேலை ஐரோப்பியக் குறியேற்றத்தை எடுத்துக்கொண்டது. அதில் தமிழுக்கு இடம் ஏது? ‘இந்த எழுத்தை எழுத முடியாது’ என்று நிரல் நின்றுவிட்டது.

நேயர்களே, அது நல்ல எச்சரிக்கை. நாங்கள்தான் அதைத் தொல்லையாக எண்ணினோம். ‘முடியாத இடத்தில் மாற்றுக்குறி போடு’ என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் நிரல் நிற்காது என்று யாரோ சொன்னார்கள். சேர்த்தோம். நிரல் ஓடி முடிந்தது. எங்களுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. புதிய கோப்பைத் திறந்து பாராமலே பழையதை அழித்துவிட்டு, அதன் பெயரைப் புதியதற்குச் சூட்டினோம்.

மறுநாள் திறந்தால், பக்கம் முழுவதும் கேள்விக்குறிகள்! முத்துலட்சுமி இருந்த இடத்தில் 13 கேள்விக்குறிகள். ராமு இருந்த இடத்தில் நான்கு. அந்த நான்கு ராமுவா, மாரியா? யாரால் சொல்ல முடியும்? இரண்டுக்கும் நான்கு குறிகள்தாம். ஒவ்வோர் எழுத்தின் எண்ணும் அழிந்து, எல்லாமே கேள்விக்குறியின் எண்ணாகிவிட்டன. எந்த வித்தகர் வந்தாலும் அதை மீட்க முடியாது.

பிறகு ஓய்வு பெற்ற அந்த ஆசிரியரைத் தேடிப் போனோம். அவருடைய அலமாரியில் 1999ஆம் ஆண்டின் நெகிழ்வட்டு ஒன்று கிடைத்தது. அதைப் படிக்கும் கருவி வைத்திருந்த நண்பர் ஒருவர் கோப்பை எடுத்துக் கொடுத்தார். திறந்து பார்த்தால் அதிலும் தமிழ் இல்லை. தலையில் கோடும் புள்ளியும் போட்ட ஐரோப்பிய எழுத்துகள் குப்பையாய்க் கொட்டிக் கிடந்தன. மனம் சோர்ந்தது. ஆனால் அந்த நண்பர் சிரித்தார். “இது அழியவில்லை ஐயா, புத்தகம் மாறிப் போயிருக்கிறது” என்றார். அது திஸ்கியில் எழுதப்பட்ட கோப்பு என்று கண்டுபிடித்து, அந்தக் குறியேற்றத்தின் பெயரைச் சொல்லித் திறந்ததும், அத்தனை பெயர்களும் ஒரு புள்ளிகூடக் குறையாமல் எழுந்து நின்றன.

இதில் ஒரு பேருண்மை இருக்கிறது. தவறான பதிவேட்டைக் கொண்டு படித்தால் குப்பைதான் தெரியும்; ஆனால் கோப்புக்குச் சேதம் இல்லை. தவறான பதிவேட்டைக் கொண்டு எழுதினால் கோப்பே அழிந்துபோகும். எனவே குப்பை போல் தெரியும் கோப்பைக் கண்டவுடன் அழிக்காதீர்கள். அதன்மேல் மீண்டும் சேமிக்கவும் செய்யாதீர்கள். மூடிவிட்டு, எந்தக் குறியேற்றம் என்று தேடுங்கள். அதற்கு ஓர் அடையாளமும் சொல்கிறோம். யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 224இல் தொடங்கும். அடுத்த எண் 174 அல்லது 175. ஆகையால் தலையில் சாய்கோடு போட்ட ஆங்கிலச் சிறிய ‘ஏ’யும், பெரும்பாலும் அதையடுத்து வட்டத்துக்குள் ‘ஆர்’ குறியும் திரும்பத் திரும்ப வருமானால், அது யூடிஎஃப்-8 தமிழ் என்று துணிந்து சொல்லலாம்.

நிரல் எழுதும் பிள்ளைகள் கைக்கொள்ள வேண்டிய ஒழுங்குகளை இனி வரிசையாகச் சொல்வோம்.

முதலாவது, கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் குறியேற்றத்தின் பெயரைச் சொல்ல வேண்டும். பைத்தானில் ‘ஓப்பன்’ கட்டளையில் ‘என்கோடிங்’ என்று ஓர் இடம் உண்டு. அங்கே யூடிஎஃப்-8 என்று எழுத வேண்டும். படிக்கும்போதும் எழுத வேண்டும், எழுதும்போதும் எழுத வேண்டும். சொல்லாமல் விட்டால், அந்த மொழியின் பல பதிப்புகளில் கணினி தன் விருப்பப்படி ஒன்றை எடுத்துக்கொள்ளும். வீட்டுக் கணினியில் சரியாக ஓடிய நிரல் பள்ளிக் கணினியில் தவறிப்போவது இதனால்தான்.

இரண்டாவது, பிழைச் செய்தி வந்தால் அதன் வாயை அடைக்கக் கூடாது. ‘மாற்றுக்குறி போடு’ என்பதும் ‘கண்டுகொள்ளாதே’ என்பதும் உண்டு. முன்னது கேள்விக்குறி இடும். பின்னது இன்னும் பொல்லாதது. எழுத்தை ஓசைப்படாமல் விழுங்கிவிடும்.

மூன்றாவது, மூலக் கோப்பைத் தொடக் கூடாது. வேறு பெயரில் புதிய கோப்பில் எழுதி, அதைத் திறந்து படித்து, பெயர்களின் எண்ணிக்கை ஒத்திருக்கிறதா என்று பார்த்த பிறகே மற்றதை யோசிக்க வேண்டும்.

நான்காவது, எழுத்தின் கணக்கும் பைட்டின் கணக்கும் வேறு என்பதை மறக்கக் கூடாது. ‘அம்மா’ என்பது நமக்கு மூன்று எழுத்து. ஒருங்குறியில் அ, ம, புள்ளி, ம, கால் என்று ஐந்து குறி. யூடிஎஃப்-8இல் 15 பைட். இதை அறியாத ஒருவர், பெயருக்கு 20 பைட் போதும் என்று ஓர் அட்டவணை அமைத்தால் என்ன நேரும்? முத்துலட்சுமி என்னும் பெயருக்கு ஏழு எழுத்து, 13 குறி, 39 பைட் வேண்டும். 20இல் வெட்டினால் ‘முத்து’ என்பது 18 பைட்டில் நிற்கும். மிச்சம் இரண்டு பைட் ஒன்றுக்கும் உதவாத துண்டு. மகள் முத்துலட்சுமி, மகன் முத்துவாகிவிடுவாள்! வெட்டவே வேண்டுமானால் எழுத்தை எண்ணி வெட்ட வேண்டும்; பைட்டை எண்ணி வெட்டக் கூடாது.

ஐந்தாவது, பழைய குறியேற்றத்திலிருந்து மாற்றும்போது வெறும் எண்ணுக்கு எண் மாற்றினால் போதாது. நாம் கையால் ‘கெ’ எழுதும்போது கொம்பை முதலில் எழுதி, பிறகு ‘க’ எழுதுகிறோம். திஸ்கியும் அப்படியே கொம்பை முன்னால் வைத்தது. ஒருங்குறியோ ஒலிக்கும் முறைப்படி ‘க’வை முன்னும் கொம்பைப் பின்னும் வைக்கிறது. ஆகவே இடத்தையும் மாற்றியாக வேண்டும். இன்னொன்று: ‘கொ’ என்பதை, ‘க’வுடன் ஒகரக் குறி ஒன்றைச் சேர்த்தும் எழுதலாம், கொம்பு, கால் என்னும் இரண்டு குறிகளைச் சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். கணினிக்கோ இரண்டும் வேறு வேறு. ‘கொன்றை’ என்று தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. இவற்றை ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் வசதி பைத்தானிலேயே இருக்கிறது. தேடுவதற்கு முன் அதைச் செய்துவிட வேண்டும்.

பெற்றோர்களே, இவ்வளவும் நம்மால் நினைவில் வைக்க முடியுமா என்று மலைக்க வேண்டாம். பிள்ளை நிரல் எழுதிக்கொண்டிருக்கும்போது, “எந்தப் பதிவேட்டில் எழுதுகிறாய்? பழையதைப் பத்திரமாக வைத்திருக்கிறாயா?” என்று இரண்டு கேள்வி கேளுங்கள், போதும். அந்த இரண்டு கேள்வியையும் அன்று யாராவது எங்களைக் கேட்டிருந்தால் எங்கள் பட்டியல் தப்பியிருக்கும்.

1999ஆம் ஆண்டுப் பட்டியல் இப்போது யூடிஎஃப்-8இல் மூன்று இடங்களில் இருக்கிறது. தாளிலும் அச்சிட்டுப் பள்ளி அலமாரியில் வைத்திருக்கிறோம். ஆனால் நாங்கள் வீடு வீடாய்க் கேட்டுச் சேர்த்த பெயர்கள் அந்த நெகிழ்வட்டில் இல்லை. அவற்றைச் சொன்ன பாட்டிமாரில் சிலர் இன்று இல்லை. இருப்பவர்களிடம் மீண்டும் போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறோம். சில வரிகள் இன்னும் வெறுமையாகவே இருக்கின்றன.

உங்கள் வீட்டில் முதியவர் இருந்தால் இன்று மாலையே அவர் அருகில் அமருங்கள். அவருடைய தாய் தந்தையர் பெயரையும், எந்தத் தோட்டத்தில் எந்த லயத்தில் இருந்தார்கள் என்பதையும் கேட்டு, கைத்தொலைபேசியில் தமிழிலேயே எழுதி வையுங்கள். ஒரு தாளிலும் எழுதிப் பெட்டியில் வையுங்கள். கங்காணியும் கிராணியும் எண்ணாகக் கண்ட அந்த மனிதர்களுக்கு, சரியான பெயரைத் தமிழில் எழுதி வைப்பது நம் கடமை.